விமானி அறையில் ஒரு விருந்தாளி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் பேச வருவோர் இலக்கியத்தைப் பற்றியோ இசையைப் பற்றியோ பேசுவது வழக்கம். நம்மை அழைத்த செயலாளர் அவர்களோ, "உமக்குத் தெரிந்ததைப் பேசினால் போதும்" என்று கூறிவிட்டார். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தின் பாஸ் பிரிவில் எழுத்தராக வாழ்நாளின் பாதியைக் கழித்துவிட்ட நமக்குத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான், அது பாஸ். ஆனால் ரயில்வே காலனியில் வந்து ரயில்வே பாஸைப் பற்றிப் பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆகவே, அடுத்த வீட்டுக்காரரின் பாஸைப் பற்றிப் பேசலாம் என்று துணிந்தோம். அடுத்த வீட்டுக்காரர் என்று நாம் குறிப்பிடுவது ஆகாய விமானிகளை.

விமானம் ஓட்டுகிறவர்களுக்கும் சலுகைப் பிரயாணம் உண்டு. அதில் ஒரு வகை மிகவும் விநோதமானது. ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் விமானி, வேறொரு கம்பெனியின் விமானத்தில், அதுவும் விமானத்தை ஓட்டும் அறைக்குள்ளேயே அமர்ந்து, காசு கொடாமல் பிரயாணம் செய்கிறார். வியாபாரத்தில் அந்த இரு கம்பெனிகளும் ஒன்றையொன்று விழுங்கப் பார்ப்பவை. ஆயினும் ஒன்றின் விமானி மற்றொன்றின் விமானி அறையில் விருந்தாளியாக அமர்கிறார். அமெரிக்க நாட்டில் இது நாள்தோறும் நடைபெறுகிற காரியம். அந்த இருக்கையைப் பற்றியும், அதில் அமர்வோர் காக்க வேண்டிய மரியாதைகளைப் பற்றியும், அதன் வழியாக விளைந்த நன்மை தீமைகளைப் பற்றியும் இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் அந்த இருக்கை யாதென்று பார்ப்போம். இக்காலத்துப் பெரிய விமானங்களை ஓட்டுவோர் இருவர். அவ்விருவருடைய ஆசனங்களுக்கும் பின்னால், மடித்து வைக்கத்தக்க சிறு இருக்கை ஒன்று உண்டு. சில விமானங்களில் இரண்டும் இருக்கும். இதற்கு ஆங்கிலத்தில் ஜம்ப் சீட் என்று பெயர். பழைய குதிரை வண்டிகளில் வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது மடக்கி வைத்த பலகைக்கு இருந்த பெயர் இது. வண்டி போய்விட்டது, பெயர் மட்டும் விமானத்தில் ஏறிக்கொண்டது. நாம் இதை மடக்கிருக்கை என்று அழைப்போம். சுகத்துக்காக ஏற்பட்ட இருக்கையன்று அது. முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டும். காலை நீட்ட இடம் இராது. விமானிகள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று சோதிக்க வரும் அரசாங்க இன்ஸ்பெக்டர் அமர்வதற்காக அத்தகைய இருக்கை இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் விதி. இன்ஸ்பெக்டர் தினமும் வருவதில்லை. வராத நாட்களில் அது வெற்றிடம். அவ்வெற்றிடத்தையே சக விமானிகளுக்கு இரவலாகக் கொடுக்கிறார்கள்.

இரவல் ஏன் வேண்டியிருக்கிறது? நம் ரயில்வேயில் மாற்றல் உத்தரவு வந்தால், பெட்டி படுக்கையுடன் குடும்பமே புறப்படுகிறது. போன இடத்தில் குவார்ட்டர்ஸ் இருக்கிறது, பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, இம்மாதிரி ஒரு சங்கமும் இருந்துவிடுகிறது. அமெரிக்க விமானிக்குக் குவார்ட்டர்ஸ் இல்லை. அவர் வேலை தொடங்க வேண்டிய நிலையம் ஓர் ஊரில் இருக்கும். மனைவியின் உத்தியோகமும் குழந்தைகளின் பள்ளியும் ஆயிரம் மைலுக்கு அப்பால் வேறோர் ஊரில் இருக்கும். இன்று ஒரு நிலையம், கம்பெனி நினைத்தால் நாளை மற்றொரு நிலையம். ஒவ்வொரு தடவையும் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போவதற்குப் பதில், பலர் இருந்த இடத்திலேயே குடியிருந்துகொண்டு, விமானம் ஏறி வேலைக்குப் போகிறார்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம்முடைய லோகோ பைலட்டுகள் ஒரு வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, மற்றொரு வண்டியில் 'ஸ்பேர்' ஆகத் திரும்பி வருவதை நாம் அறிவோம். அது கம்பெனி வேலை. ஸ்பேராக வருவதும் டியூட்டியே. விமானிகளுக்கும் அத்தகைய பிரயாணம் உண்டு. அதற்கு டிக்கெட்டும் இடமும் கம்பெனியின் பொறுப்பு. வீட்டிலிருந்து வேலைக்குப் போவது அப்படியன்று. அது அவரவர் சொந்தப் பாடு. ஆகவே மடக்கிருக்கை எவருக்கும் உரிமையாகாது. கேட்டுப் பெற வேண்டிய உதவியே ஆகும். இந்த ஒரு வேற்றுமையிலிருந்துதான் அதன் மரியாதைகள் யாவும் பிறக்கின்றன.

இருக்கை மூன்று வாயில்களைக் கடந்தே கிடைக்கிறது. முதலாவது, இரு கம்பெனிகளுக்கும் இடையே, "உன் விமானியை நான் ஏற்றுக்கொள்கிறேன், என் விமானியை நீ ஏற்றுக்கொள்" என்ற உடன்படிக்கை இருத்தல் வேண்டும். இரண்டாவது, விமானத்தின் வாயிலில் நிற்கும் சிப்பந்தி, வந்தவர் உண்மையில் அந்தக் கம்பெனியின் விமானிதானா என்று அடையாளச் சீட்டையும் லைசென்ஸையும் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது வாயில்தான் முக்கியமானது. அந்த விமானத்தின் காப்டன் சம்மதிக்க வேண்டும். யாருக்குச் சம்மதம் தரலாம் என்பதற்குச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. ஆனால் பாதுகாப்பு கருதி எவரையும் அறைக்கு வெளியே நிறுத்தும் அதிகாரத்தைக் காப்டனிடமிருந்து அது பறிக்கவில்லை. அவர் "இல்லை" என்றால் இல்லைதான். அங்கேயே நின்று வாதாட இடமில்லை.

இனி, விருந்தாளியாக வருபவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்வோம். இவற்றுட் சில எழுதப்பட்ட விதிகள். பெரும்பாலானவை மூத்த விமானிகள் இளையோருக்குச் சொல்லிக்கொடுத்து வந்த வழக்கங்கள்.

விமானம் புறப்படுவதற்கு வெகு முன்னதாகவே வந்துவிட வேண்டும். வாயிலில் இருக்கும் சிப்பந்தி பிரயாணிகளைக் கவனித்துக் கொண்டிருக்கையில் குறுக்கே நுழையாமல், ஓய்ந்த வேளை பார்த்துத் தம் வேண்டுகோளைச் சொல்ல வேண்டும். உடை யூனிபாரமாக இருக்கலாம், அல்லது கண்ணியமான வேறு உடையாக இருக்கலாம். கடற்கரைக்குப் போகிறவர் போல வரலாகாது. மது அருந்திவிட்டு வருவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

உள்ளே போனதும், முதலில் எதிர்ப்படும் பணிப்பெண்களுக்குத் தம்மை இன்னாரென்று அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். அதன்பின் காப்டனை நேரில் கண்டு, "உங்களுடன் வர அனுமதி உண்டா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். சிப்பந்தி சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதற்காகக் கேளாமல் உட்கார்ந்துவிடுவது பெருந்தவறு. பிரயாணிகள் பகுதியில் இடம் காலியாயிருந்து அங்கேயே அமரச் சொல்லிவிட்டாலும், காப்டனைக் கண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போய் உட்காரக் கூடாது. கல்யாண வீட்டுக்கு வந்தவர், பந்தியில் இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக வீட்டுக்காரரைப் பார்க்காமலே உண்டு எழுந்து போவாரா?

விமானி அறையில் அமர்ந்ததும், பட்டைகளை எப்படிப் பூட்டுவது, பிராணவாயு முகமூடி எங்கே இருக்கிறது, ஆபத்தில் எவ்வழியே வெளியேறுவது என்பவற்றைக் காப்டனோ துணை விமானியோ சொல்வார். "எனக்குத் தெரியும், நானும் விமானிதான்" என்று கையமர்த்தாமல் செவிசாய்க்க வேண்டும். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, தரையிலிருந்து வரும் உத்தரவுகளைத் தாமும் கேட்க வேண்டும். விசைகள் எதையும் தொடலாகாது. அவர்கள் ஓட்டும் முறை தம் கம்பெனியின் முறையிலிருந்து மாறுபட்டிருந்தால், குறை கூறலாகாது. ஆனால் உண்மையாகவே ஆபத்து ஒன்று கண்ணிற் பட்டால் அக்கணமே சொல்லிவிட வேண்டும். பிரயாணம் முடிந்ததும் காப்டனுக்கும் மற்றவர்க்கும் நன்றி கூறிவிட்டு இறங்க வேண்டும்.

விருந்தளிப்பவருக்கும் கடமைகள் உண்டு. நல்ல காப்டன், மடக்கிருக்கை காலியாயிருக்க ஒரு சக விமானியை வாயிலில் நிற்க வைத்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போக மாட்டார். காத்திருப்பவர் எவரேனும் உண்டா என்று தாமே விசாரிப்பார். ஆனால் இந்த அதிகாரம் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளவும் பயன்பட்டதுண்டு. 1983-இல் காண்டினென்டல் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, அதை மீறி வேலைக்குப் போனவர்களுக்குப் பிற கம்பெனிக் காப்டன்கள் பலர் நெடுங்காலம் இருக்கை மறுத்து வந்தார்கள். அது நியாயமா அன்றா என்பதில் நாம் புகவில்லை. இருக்கை சிறிதாயினும் அதைக் கொடுப்பதும் மறுப்பதும் எத்தனை பெரிய பேச்சு என்பதைக் காட்டவே குறிப்பிட்டோம்.

இத்தனை மரியாதைகள் ஏன், வெறும் சம்பிரதாயந்தானே என்று இளைஞர்கள் கேட்கலாம். சம்பிரதாயமன்று, உயிர்கள் சம்பந்தப்பட்டவை. சில நிகழ்ச்சிகளைச் சொன்னால் விளங்கும்.

முதலில் பேச்சைப் பற்றி. விமானி அறையில் விருந்தாளி வந்தால் பேச்சும் உடன் வரும். அது மனித இயல்பு. 1974-ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் சார்லட் நகரில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று இறங்குகையில் ஓடுபாதையை அடையுமுன்பே தரையில் மோதி, எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓட்டியவர்கள் இறங்கும் வேளையில் அரசியலையும் பழைய கார்களையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது ஒலிப்பதிவில் வெளியாயிற்று. அங்கே விருந்தாளி இல்லை. அவர்களுக்குள்ளேயே நடந்த பேச்சு அது. 1978 செப்டம்பர் 25-இல் சான் டியாகோ நகரின்மேல் பி.எஸ்.ஏ. கம்பெனியின் போயிங் 727 விமானமும் ஒரு சிறு விமானமும் மோதி, தரையில் இருந்த 7 பேர் உட்பட 144 பேர் உயிரிழந்தனர். அன்று அதே கம்பெனியின் காப்டன் ஒருவர், டியூட்டியில் இல்லாதவர், மடக்கிருக்கையில் இருந்தார். அந்த அறையின் ஒலிப்பதிவிலும் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு இருந்தது. சிறு விமானத்தைக் கண்பார்வையிலேயே வைத்திருக்கத் தவறியதும், அது பார்வைக்குத் தப்பியதைத் தரைக்குத் தெரிவியாததுமே விசாரணையில் முக்கியமாகக் கூறப்பட்டன. பேச்சுத்தான் விபத்துக்குக் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் 1981-இல் அமெரிக்க அரசாங்கம் ஒரு விதி செய்தது: விமானம் தரையில் ஊரும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும், வேலைக்கு வேண்டாத பேச்சும் செயலும் கூடாது. அன்று முதல், அந்த உயரத்தைத் தாண்டும் வரை வாயைத் திறவாதிருப்பதே விருந்தாளியின் முதல் மரியாதையாயிற்று.

மௌனம் மட்டும் போதாது என்பதற்கும் சரித்திரம் உண்டு. 1989 ஜூலை 19 அன்று, டென்வரிலிருந்து சிகாகோ சென்ற யுனைடெட் ஏர்லைன்ஸ் டி.சி.10 விமானத்தின் வால்பக்க இன்ஜின் வெடித்துச் சிதறியது. அதன் துண்டுகள் பாய்ந்து, விமானத்தைத் திருப்புவதற்கு வேண்டிய ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய்களைப் பாழாக்கின. எந்த விசையை இழுத்தாலும் விமானம் அசையவில்லை. பிரயாணிகளிடையே டென்னிஸ் ஃபிட்ச் என்பவர் அமர்ந்திருந்தார். அதே கம்பெனியில், அதே ரக விமானத்தில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் காப்டன் அவர். அவர் என்ன செய்தார்? எழுந்து ஓடிக் கதவைத் தட்டினாரா? இல்லை. பணிப்பெண்ணை அழைத்து, "நான் உதவ முடியுமானால் காப்டனிடம் சொல்லுங்கள்" என்று சொல்லியனுப்பினார். காப்டன் ஆல் ஹெய்ன்ஸ் உடனே அவரை வரவழைத்தார். ஹெய்ன்ஸும் கர்வம் பாராட்டவில்லை. எஞ்சியிருந்த இரு இன்ஜின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடிகளை விருந்தாளியிடமே ஒப்படைத்தார். ஏறத்தாழ அரை மணி நேரம் ஃபிட்ச் அக்கைப்பிடிகளால் மட்டுமே விமானத்தைத் திருப்ப உதவினார். சூ சிட்டி என்னும் ஊரில் அது தரையில் மோதி உடைந்தது. 296 பேரில் 112 பேர் மாண்டனர். 184 பேர் பிழைத்தனர். ஒருவரும் பிழைக்க வழியில்லாத நிலையில் அத்தனை பேர் பிழைத்தது அதிசயம் என்று உலகம் சொல்லிற்று. முறைப்படி கேட்கத் தெரிந்த ஒருவரும், தயங்காமல் ஏற்கத் தெரிந்த ஒருவரும் அன்று ஒரே விமானத்தில் இருந்தார்கள் என்பதே நம் எண்ணம்.

அண்மைக் காலத்தில், 2018 அக்டோபர் 28 இரவு, பாலித் தீவின் டென்பசாரிலிருந்து ஜகார்த்தா சென்ற லயன் ஏர் விமானத்தில், மூக்கு தானாகவே கீழே இறங்கும் கோளாறு தோன்றியது. அன்று விமானி அறையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அக்கம்பெனியின் சகோதரக் கம்பெனியான பாத்திக் ஏரைச் சேர்ந்தவர் அவர் என்றும், கோளாற்றைச் சமாளிக்க அவர் துணைபுரிந்தார் என்றும் பின்னர் செய்திகள் வெளிவந்தன. தானாக இயங்கிய மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டித்து, விமானத்தைப் பத்திரமாக ஜகார்த்தாவில் இறக்கினார்கள். ஆனால் நடந்தவற்றுள் முக்கியமான சிலவும், மின்சாரத்தைத் துண்டித்தே தப்பினார்கள் என்பதும் விமானத்தின் குறிப்பேட்டில் எழுதப்படவில்லை. மறுநாட் காலை அதே விமானத்தை வேறு இருவர் ஓட்டிச் சென்றனர். அது கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். அன்பர்களே, எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு இந்த நிகழ்ச்சியில் மனத்தைத் தைத்தது இதுதான். முதல் நாள் இரவு அறையிலிருந்த அறிவு, ஏட்டில் ஏறாமல் ஆட்களோடு இறங்கிப் போய்விட்டது. குறிப்பு எழுதுவதைக் குமாஸ்தா வேலை என்று இளப்பமாகப் பேசுகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

நம்பிக்கைக்குத் துரோகம் செய்தவர்களும் உண்டு. 1994 ஏப்ரல் 7 அன்று, மெம்பிஸ் நகரிலிருந்து புறப்பட்ட ஃபெடரல் எக்ஸ்பிரஸ் சரக்கு விமானத்தில், அக்கம்பெனியின் ஊழியர் ஒருவரே இலவச இருக்கை பெற்று ஏறினார். தம் மீது விசாரணை நடக்கவிருந்தமையால் மனங்கோணியவர். கிதார்ப் பெட்டியில் சுத்தியல்களையும் மீன் குத்தும் ஈட்டித் துப்பாக்கியையும் மறைத்து வந்திருந்தார். வானத்தில் மூன்று விமானிகளையும் கொடூரமாகத் தாக்கினார். மண்டை உடைந்த நிலையிலும் மூவரும் போராடி, அவரை அடக்கி, விமானத்தை மெம்பிஸிலேயே திருப்பி இறக்கினார்கள். அவர் ஆயுள் தண்டனை பெற்றார்.

2001 செப்டம்பர் 11-ஆம் நாள் நிகழ்ச்சியை நாம் விவரிக்கத் தேவையில்லை. அதன்பின் விமானி அறைக் கதவுகள் துப்பாக்கிக் குண்டும் துளைக்காதபடி வலுப்படுத்தப்பட்டன. பிற கம்பெனி விமானிகளை அறைக்குள் அமர்த்தும் வழக்கமும் நின்றுபோயிற்று. கையிலுள்ள அடையாளச் சீட்டை மட்டும் நம்புவதற்கில்லை என்ற காலம் வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குப் பின்னரே, வந்தவர் இன்றும் அவ்வேலையில் இருக்கிறாரா என்று கம்பெனியின் பதிவேட்டையே கம்ப்யூட்டர் மூலம் கேட்டு, அவருடைய புகைப்படத்தையும் திரையில் பார்த்து ஒப்பிடும் ஏற்பாடு வந்து, வழக்கம் மீண்டும் உயிர்பெற்றது.

அந்த ஏற்பாடும் மனத்தின் உள்ளே எட்டிப் பார்க்க வல்லதன்று. 2023 அக்டோபர் 22 அன்று, எவரெட் நகரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற ஹொரைசன் ஏர் விமானத்தின் மடக்கிருக்கையில், சகோதரக் கம்பெனியான அலாஸ்கா ஏர்லைன்ஸின் விமானி ஒருவர் அமர்ந்திருந்தார். நடுவானில் அவர் திடீரென்று, இன்ஜின்களில் தீப்பிடித்தால் மட்டுமே இழுக்க வேண்டிய இரண்டு கைப்பிடிகளையும் பற்றி இழுக்க முயன்றார். முழுவதும் இழுத்திருந்தால் இன்ஜின்கள் நின்றுபோயிருக்கும். இரு விமானிகளும் அவர் கையைப் பிடித்து விலக்கி, அறைக்கு வெளியே அனுப்பி, விமானத்தைப் போர்ட்லண்டில் இறக்கினார்கள். எண்பதுக்கு மேற்பட்டோர் உயிர் தப்பினர். அவர் உறக்கமின்றி மனம் கலங்கியிருந்தவர் என்றும், இரண்டு நாட்களுக்கு முன் போதைக் காளான் உட்கொண்டவர் என்றும் பின்னர் தெரிந்தது. விமானிகளின் மனநலத்தைப் பற்றி அமெரிக்காவில் பெரிய விவாதமே அதிலிருந்து எழுந்தது. மனம் சரியில்லை என்று சொன்னால் லைசென்ஸ் போய்விடுமே என்று அஞ்சிச் சொல்லாமலிருப்பவர்கள் பலர் என்பது அவ்விவாதத்தில் வெளிப்பட்ட செய்தி. வண்டி ஓட்டுவோர் நிறைந்த நம் காலனிக் குடும்பங்களும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி அது.

இன்னும் ஒன்று. அது துரோகமன்று, துயரம். 2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோ நகரை நெருங்கிய கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும், வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். துணை விமானி ஓர் இளம்பெண். அவருடைய வீடு சியாட்டில் நகரின் அருகே, நாட்டின் மேற்குக் கோடியில். வேலை நூவர்க்கில், கிழக்குக் கோடியில். முந்திய இரவு முழுவதும் சரக்கு விமானங்களில் விருந்தாளியாக அமர்ந்து, நடுவே மெம்பிஸில் மாறி, காலையில் வேலைக்கு வந்து சேர்ந்தவர். சொற்பச் சம்பளக்காரர். களைப்பு இரு விமானிகளையும் பாதித்திருக்கக் கூடும், ஆனால் விபத்தில் அதன் பங்கு எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல இயலாது என்பது விசாரணையின் முடிவு. அதன்பின் விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிப் புதிய விதிகள் எழுதப்பட்டு, 2014-இல் நடைமுறைக்கு வந்தன. இலவச இருக்கை மனிதரை ஊர்விட்டு ஊர் கொண்டுசேர்க்கும். உறக்கத்தை அது கொடுக்காது. வேலைக்குப் போக இருக்கை கிடைத்துவிட்டது என்பதாலேயே வேலைக்குத் தகுதியாகிவிட்டோம் என்று எண்ணலாகாது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவிலும் விமானி அறைக்குள் யார் போகலாம் என்பதற்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. 2023 பிப்ரவரியில், துபாயிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில், காப்டன் தமக்குத் தெரிந்த பெண்மணி ஒருவரை, அக்கம்பெனியின் ஊழியராயினும் அன்று பிரயாணியாக வந்தவரை, அறைக்குள் அனுமதித்தார். அவ்வாண்டு மே மாதம் சர்க்காரின் விமானப் போக்குவரத்து இலாகா, கம்பெனிக்கு 30 லட்சம் ரூபாய் அபராதமும், காப்டனுக்கு மூன்று மாத லைசென்ஸ் நிறுத்தமும் விதித்தது. விபத்து எதுவும் நடக்கவில்லை; ஆயினும் தண்டனை வந்தது. காப்டனின் சம்மதம் பெரிதுதான். அந்தச் சம்மதமும் விதிக்கு உட்பட்டதே என்பது இதனாற் பெறப்படும்.

நம் ரயில் இன்ஜினுக்கும் இதே நீதிதான். பெர்மிட் இல்லாமல் ஃபுட்பிளேட்டில் எவரும் ஏறக் கூடாது. "நான் இந்த வண்டியில் முப்பது வருஷம் ஓட்டினவன்" என்று ரிட்டையர் ஆன பெரியவர் வந்து நின்றாலும், லோகோ பைலட் கைகூப்பி மறுக்கத்தான் வேண்டும். மறுத்தவரிடம் கோபிப்பதற்கு நமக்கு உரிமையில்லை. அவர் மறுப்பது நம்மையன்று. பின்னாலிருக்கும் ஆயிரம் பேரின் நிமித்தம் மறுக்கிறார்.

பாஸும் அப்படியே. இக்காலத்தில் பாஸ் கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. எழுத்தரின் மேஜைக்கு முன் நிற்க வேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது. அது நல்லதுதான். ஆனால் அதன் பெயர் இன்னும் சலுகை பாஸ் என்பதை மறவாதிருப்போம். சொந்த ஊருக்குப் போகக் கோடை விடுமுறையில் வண்டி ஏறும்போது, டிக்கெட் வாங்கி வந்தவர் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் இடத்துக்காகச் சண்டை போடாமலும், டிக்கெட் பரிசோதகர் கேட்குமுன்பே பாஸையும் அடையாளச் சீட்டையும் எடுத்து வைத்துக்கொண்டும் போனால், நம் குழந்தைகள் சொல்லாமலே கற்றுக்கொள்வார்கள்.

நாம் எல்லோரும் பிழைப்பைத் தேடி வேற்று மாநிலத்துக்கு வந்து, இங்குள்ளோரின் நடுவே குடியிருப்பவர்கள். குடிமக்கள் என்ற முறையில் இங்கே நமக்கு முழு உரிமை உண்டு, அதில் ஐயமில்லை. ஆனால் அக்கம்பக்கத்தாரின் அன்பு உரிமையால் வருவதன்று. விசாரித்து, கேட்டு, நன்றி சொல்லி, ஆபத்தில் முன்னே நின்று பெற வேண்டியது. போட்டிக் கம்பெனியின் விமானி அறையில் அமர்ந்திருக்கும் அந்த விருந்தாளி கடைப்பிடிக்க வேண்டியவையும் இவைதாம்: கேட்டு அமர்வது, பேசக் கூடாத வேளையில் பேசாதிருப்பது, சொல்ல வேண்டிய வேளையில் சொல்லத் தவறாதிருப்பது, நன்றி கூறி இறங்குவது.

நம் காலனிப் பிள்ளைகளுள் சிலர் விமானப் பயிற்சிக்குப் போக விரும்புகிறார்கள் என்று கேள்வியுறுகிறோம். மிக்க மகிழ்ச்சி. அவர்கள் எந்த நாட்டு விமானத்தில் எந்த இருக்கையில் அமர்ந்தாலும், இந்த நான்கையும் நினைவிற் கொள்வார்களாக.